ஏரிக்கு நடுவில் ஒரு ஹால்

பழைய நில வரைபடத்தை விரித்துப் பிடித்தபடி வாசலில் நின்றவரைப் பார்த்ததும், குடியிருப்போர் சங்கத் தலைவர் அவசரமாகச் சட்டையை மாட்டிக்கொண்டு எழுந்து வந்தார்.

"உள்ள வாங்க சார். ஃபேனுக்கு நேரா உட்காருங்க."

வந்தவர் வரைபடத்தின் நீலத்தில் விரலை ஓட்டினார். "நூறு வருஷத்துக்கு முந்தின மேப். இந்தத் தெரு மொத்தமும் ஏரி. உங்க ஹால்தான் நட்டநடு."

"பக்கத்து வீட்டைப் பாருங்க சார். அது இன்னும் பள்ளம்!"

"அது கரையோரம். ஆழம் இங்கதான்."

தலைவர் குரலைத் தாழ்த்தினார். "இடிக்கிறதுன்னா முதல்ல அங்கேருந்து ஆரம்பிங்க. உங்களைத் தனியா கவனிச்சுக்கறேன்."

"நான் எதுக்கு சார் இடிக்கணும்? உங்க வீடெல்லாம் இங்கயே இருந்தாதானே என் பொழப்பு ஓடும்?" வந்தவர் பையைத் திறந்தார். "ரப்பர் படகு. மழைக்காலம் வருதில்ல?"

தலைவருக்குப் போன உயிர் திரும்பி வந்தது, கூடவே அதிகாரமும். "ஆபீசர் இல்லையா? எழுந்திருய்யா! இங்க ஒரு சொட்டுத் தண்ணி நிக்காது!"

உள்ளேயிருந்து மனைவியின் குரல் வந்தது. "அவர் கிடக்கிறார் தம்பி. போன மழையில பீரோ மேல ஏறி உட்கார்ந்தவரை, அந்தப் பக்கத்து வீட்டுக்காரர்தான் தோள்ல சுமந்து கரையேத்தினார். நீங்க பெரிய படகா எடுங்க."