அளந்து கட்டிய கொட்டகை

புதூர்நாட்டில் பயணிகள் ஜீப் ஓட்டும் வேடியப்பன், வீட்டை ஒட்டிக் கொட்டகை ஒன்று கட்டினான். வண்டி நிற்பதற்கும் பழுது பார்க்கும் மேடைக்கும் சேர்த்து இடம் தர, மனைவி செல்லியம்மாள் தன் அவரைப் பந்தலையே விட்டுக்கொடுத்திருந்தாள்.

“வாசலை இன்னும் ஒரு சாண் ஒசத்திக் கட்டுய்யா,” என்று அவள் முதலிலேயே சொன்னாள்.

“ஒசந்தா காத்து கூரையப் பிச்சிக்கினு பூடும். நீ சும்மா இரு. அளவெல்லாம் கரெக்டா எடுத்துட்டேன்.”

கருவறைக்கு நூல் பிடிக்கும் சிற்பியின் சிரத்தையோடுதான் ஜீப்பின் நீள, அகல, உயரங்களை அவன் அளந்திருந்தான். உயரத்துக்கு மேல் இரண்டு விரற்கடை மட்டும் விட்டு, வாசலுக்குக் கான்கிரீட் உத்தரமும் போட்டாயிற்று.

நல்ல நாள் பார்த்து, ஊரார் கூடி நிற்க, சூடம் காட்டி ஜீப்பை உள்ளே செலுத்தினான். வண்டியின் உச்சி உத்தரத்தில் மோதி நின்றது.

இறங்கி மறுபடி அளந்தான். ஜீப் நான்கு விரற்கடை வளர்ந்திருந்தது!

“இன்னாடி இது மாயம்? அன்னிக்கு சரியா இருந்துச்சே!”

“என்னிக்கு அளந்தே?”

“சந்தைக்குப் போறப்போ, ஆளு ரொம்பட்டும்னு நின்னுக்கினு இருந்தேனே, அப்போ.”

“வண்டில எத்தினி பேரு இருந்தாங்க?”

“பதினெட்டு பேரு,” என்றான். குரல் தேய்ந்தது.

“அத்தினி பேரு குந்தினா வண்டி அமுங்காதா?”

செல்லியம்மாள் ஊராரிடம் திரும்பினாள்.

“எல்லாரும் வண்டில ஏறுங்க, கொட்டாய்க்குள்ள வுடணும். காலீல வெளிய எடுக்கறப்பவும் மறக்காம வந்துடுங்க.”