நகக்கண்ணில் மாவு

அதியமான்கோட்டை நெடுஞ்சாலையோரத்து ஆய்வுக்கூடத்தில் மத்தியான வெயில் கண்ணாடிக் குடுவைக்குள் புகுந்து மேசைமேல் பழுப்பாக விழுகிறது. லாரி போகும்போதெல்லாம் குடுவைகள் கிணுகிணுக்கின்றன. நித்தியகல்யாணிச் செடி தன் இலையில் துளித்துளியாகச் சேர்க்கும் புற்றுநோய் மருந்துச் சத்தை ஈஸ்டே சுரக்கட்டும் என்று தேவிப்பிரியா எட்டு மாதமாய் மரபணு மாற்றித் தேற்றியெடுத்த ஈஸ்ட்தான் அவற்றில் இருக்கிறது. மூடியைத் திறந்தால் பன் வாசனை அடிக்க வேண்டும். புளித்த தோசைமாவு வாசனை அடிக்கிறது. நுண்ணோக்கியில் உருண்டை உருண்டையான ஈஸ்டுக்கு நடுவே குச்சி குச்சியாக வேறெதுவோ மொய்த்துக் கிடக்கிறது. "மூணு குடுவையும் போச்சுங்க மேடம்," என்கிறார் உதவியாளர் சென்னப்பன். "வேற இருப்பும் இல்லீங்களே. எப்படிங்க உள்ள பூந்திருக்கும்?" தேவிப்பிரியா மறுபடியும் நுண்ணோக்கியில் குனிகிறாள். முந்தாநாள் கையுறை தீர்ந்துபோய், வெறுங்கையால்தான் மூன்றுக்கும் ஊட்டக் கரைசல் ஊற்றினாள். "உனக்குக் கைராசிடி. நீ கரைச்சு வெச்சாத்தான் நம்ம வூட்டுல மாவு பொங்குது," என்று மாமியார் காலையில்கூடச் சொன்னார். சென்னப்பன் குடுவைகளைக் கொதிநீரில் கொட்டி அழிக்க ஒவ்வொன்றாக எடுத்துப் போகிறார். தேவிப்பிரியா தன் வலது கையைப் பார்க்கிறாள். கட்டைவிரல் நகக்கண்ணில் மாவு வெள்ளையாகக் காய்ந்திருக்கிறது. அவர் திரும்பி வரும் செருப்புச் சத்தம் கேட்டதும், கையைக் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொள்கிறாள்.