வயலைப் பார்த்த குழாய்

ஒலிபெருக்கிக் குழாயை வயலைப் பார்த்துக் கட்டியிருந்தான் கர்ணன்.

"ஏலே, நெல்லா வந்து ஓட்டுப் போடப் போகுது?" என்றார் தங்கபாண்டி.

சுற்றி நின்ற கட்சிக்காரர்கள் சிரித்தார்கள். தென்னைமரத்தடியில் ஆம்ப்ளிபயரைத் துடைத்துக்கொண்டிருந்த கர்ணன் மட்டும் சிரிக்கவில்லை. காமயகவுண்டன்பட்டியில் கல்யாணமோ காதுகுத்தோ கட்சிக் கூட்டமோ, எதற்கும் அவனுடைய மைக் செட்டுதான். ஊருக்கே சத்தம் கொடுப்பவன், தான் மட்டும் அதிகம் பேசமாட்டான்.

"காத்து அங்கிட்டு அடிக்குதுண்ணே. இங்கன திருப்புனா சரியாக் கேக்காது."

காற்றாவது கத்தரிக்காயாவது. தங்கபாண்டிக்கு விஷயம் புரிந்துவிட்டது. ஒரு குழாய் கண்டிப்பாகக் கீழத்தெருவைப் பார்த்து இருக்க வேண்டும் என்று காலையில் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். கீழத்தெருவில்தான் சங்கரலிங்கத்தின் வீடு. எதிர்க்கட்சியின் கிளைச் செயலாளர் வீடு. மத்தியானம் கர்ணன் அந்த வீட்டிலிருந்து வெளியே வந்ததைப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். பயல் விலை போய்விட்டான்.

"அவுகளுக்கு மேலுக்கு ரொம்ப முடியலைண்ணே" என்று இழுத்தான் கர்ணன்.

"முடியாதவனுக்குக் காது கேக்காதா? திருப்பிக் கட்டு. இல்லேன்னா செட்டைக் கழட்டிட்டுப் போ. இனிமே நம்ம ஆளுக விசேஷம் எதுக்கும் உன்னைக் கூப்பிட மாட்டோம்."

கர்ணன் மரத்தில் ஏறினான்.

ஒரு காலத்தில் தங்கபாண்டியும் சங்கரலிங்கமும் நகமும் சதையுமாக இருந்தவர்கள். ஒரே கட்சி, ஒரே சைக்கிள். உத்தமபாளையம், சின்னமனூர் என்று எங்கே கூட்டம் நடந்தாலும் சங்கரலிங்கம் மிதிப்பார், தங்கபாண்டி பின்னால் உட்கார்ந்து பேச்சை ஒத்திகை பார்ப்பார். தங்கபாண்டிக்குச் சீக்கிரம் தொண்டை கட்டிவிடும். பேச்சின் நடுவில் குரல் கம்மினால் மேடைக்குப் பின்னாலிருந்து ஒரு கை நீளும். அதில் மிளகும் பனங்கற்கண்டும் இருக்கும்.

பிறகு கட்சி இரண்டாக உடைந்தது. மெட்ராசில் பிரிந்துபோன தலைவர்கள் கல்யாண வீடுகளில் சந்தித்தால் கும்பிட்டுக்கொண்டார்கள். இங்கே இவர்கள் இரண்டு பேரும் எதிரெதிரே வந்தால் தெருவை மாற்றிக்கொண்டார்கள்.

சங்கரலிங்கம் படுத்த படுக்கையாகிவிட்டார், பெரிய ஆஸ்பத்திரியிலும் கையை விரித்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்ட அன்று, தங்கபாண்டி கீழத்தெரு முனை வரைக்கும் போனது உண்மை. முதலில் அவன் கூப்பிடட்டும் என்று திரும்பி வந்ததும் உண்மை. அந்த ஆத்திரம் சங்கரலிங்கத்தின் மேலா, தன் மேலேயா என்று அவருக்கே தெரியாது.

விளக்குப் போட்டதும் கூட்டம் தொடங்கியது. பேசுவதற்கு எவ்வளவோ இருந்தது. வாய்க்கால் தண்ணீர், டவுன் பஸ், ரேஷன் அரிசி. ஆனால் கீழத்தெருவைப் பார்த்திருந்த குழாயைக் கண்டதும் தங்கபாண்டிக்கு நாக்கு நிற்கவில்லை.

"கூட இருந்து குழி பறித்தவர்களைக் காலம் சும்மா விடாது. சில பேரைப் படுக்கையில் போட்டுத்தான் பாடம் நடத்தும்."

சிரிப்பும் கைதட்டலும் எழுந்தன. கர்ணன் சத்தத்தைக் குறைத்தான். கூட்டச் சொல்லிக் கையைக் காட்டினார் தங்கபாண்டி. முடிக்கும்போது தொண்டை கம்மிவிட்டது. சோடா குடித்தும் தெளியவில்லை.

ஜனம் கலைந்த பிறகு ஆம்ப்ளிபயர் பக்கத்தில் ஒரு பெண் நின்றாள். அன்னத்தாய். சங்கரலிங்கத்தின் மனைவி. சண்டைக்குத்தான் வந்திருக்கிறாள் என்று தங்கபாண்டி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார்.

அன்னத்தாய் சத்தம் போடவில்லை.

"எங்க வீட்டுக்காரகதான் மத்தியானம் இந்தத் தம்பியைக் கூப்பிட்டுவிட்டாகண்ணே. குழாயை நம்ம வீட்டைப் பார்த்துக் கட்டச் சொன்னாக. 'அவன்தான் வரமாட்டான், அவன் குரலாச்சும் வீட்டுக்குள்ள வரட்டும்'னாக."

தங்கபாண்டி கர்ணனைப் பார்த்தார். அவன் ஒயரைச் சுருட்டிக்கொண்டே சொன்னான்:

"நேத்து அனுமந்தன்பட்டியில நீங்க பேசுனதுக்கும் நான்தான் செட்டுப் போட்டேன். அதையே இங்கனயும் பேசுவீகன்னு தெரியும்ண்ணே. அதான் வயலுக்குத் திருப்புனேன். அவுக கேட்டா, காத்து மேல பழியைப் போட்டுக்கலாம்னு இருந்தேன்."

சொன்ன சொல்லைத் திரும்ப வாங்க ஒரு வழி இருந்தால், அந்தத் தென்னைமரத்தில் தங்கபாண்டியே ஏறியிருப்பார்.

"எல்லாத்தையும் கேட்டானா?"

"ஒண்ணு விடாமக் கேட்டாக."

அன்னத்தாயின் முகத்தில் கோபம்கூட இல்லை. இருந்திருந்தால் தேவலை என்று நினைத்தார் அவர். அவள் முந்தானை முடிச்சை அவிழ்த்து, ஒரு சின்னப் பொட்டலத்தை எடுத்து நீட்டினாள்.

"கடைசியில உங்களுக்குக் குரல் கம்முச்சுல்ல, அதைக் கேட்டுட்டுத்தான் என்னைய அனுப்புனாக. மிளகும் கற்கண்டும் இருக்குண்ணே."