பட்ட எலுமிச்சைக்கு ஒரு குடம்

பட்டுப்போன எலுமிச்சைக்குக் கிருஷ்ணம்மா ஒரு முழுக் குடம் தண்ணீரைக் கவிழ்த்தாள். சுள்ளியாய் நின்ற அந்தக் குச்சி இலை விட்டு இரண்டு வருடம் ஆகிறது. மண் தண்ணீரைக் குடித்த வேகத்தைப் பார்த்து மருமகள் தாட்சாயணிக்கு வயிறு எரிந்தது.

நகரியில் அந்தப் பங்குனிக்கு வீட்டுக் கிணறெல்லாம் வறண்டு கிடந்தது. கோயில் கிணற்றிலிருந்து ஒரு நாளைக்கு நாலு குடம் சுமக்கிறவள் தாட்சாயணி. அதில் ஒன்று தினமும் இப்படி மண்ணுக்குப் போகிறது.

"செத்த செடிக்கு எதுக்கு அத்தே தண்ணி? குளிக்கவே இல்லாம கெடக்கறோம்."

"உன் வேலையப் பாரு."

"சொமந்தவதான் நானு. ஊத்தறதையாவது நான் ஊத்தறேன். இடுப்பப் புடிச்சிக்கினு நீ எதுக்கு..."

"நீ இங்க வராத! இதுல கை வைக்காத!"

இரண்டு வருடமாக இதே பேச்சுதான். தாட்சாயணியின் புருஷன் எத்திராஜ் தன் கையால் நட்ட செடி அது. இரண்டு வருடத்துக்கு முந்திய கோடையில் கிணற்று மோட்டாரில் கரண்டு அடித்து அவன் செத்துப்போனான். கரண்டு ஆபீஸ்காரர் ஒருவர் வந்து கொல்லையைச் சுற்றிப் பார்த்தார், கிருஷ்ணம்மாவைத் தனியே அழைத்து ஏதோ சொல்லிவிட்டுப் போனார். அன்று குடத்தைத் தூக்கியவள்தான், இன்னும் விடவில்லை.

அவன் இருந்தபோது ஊற்றியவள் தாட்சாயணி. "மழை வர்ற வரைக்கும் இங்க தெனம் ஒரு குடம் ஊத்து, மறந்துடாத" என்று சொல்லிவிட்டுத்தான் தறிக்குப் போவான். அந்தக் கோடையில் செடி கருகிப் போனதும் அவள் விட்டுவிட்டாள். இன்று அதே செடியைத் தொடக்கூட அவள் கை ஆகாத கையாகிவிட்டது. தாலி அறுத்தவள் கை. மாமியார் அப்படித்தான் நினைக்கிறாள், வேறென்ன?

அலுத்துப்போய் திருத்தணியில் இருக்கும் அண்ணனுக்குக் கடுதாசி போட்டிருந்தாள். நாலு மணி பஸ்ஸில் வருகிறான். டிரங்குப் பெட்டி பூட்டி நடையில் இருந்தது.

கிருஷ்ணம்மா பெட்டியைப் பார்த்தாள். "போ. வர்ற ஒண்ணாந்தேதிலேர்ந்து திருத்தணி மெட்ராஸ் ராஜ்ஜியமாம், நகரி ஆந்திராவாம். நீ ஒரு ராஜ்ஜியம், நான் ஒரு ராஜ்ஜியம்."

"இப்பதான் கோடு போடறாங்களா? இந்த வூட்டுல போட்டு ரெண்டு வருசமாச்சி."

கிருஷ்ணம்மா பெட்டியை வழியிலிருந்து ஓரமாக நகர்த்தினாள்.

அப்போதுதான் ஒயர்மேன் நாகையா ஏணியோடு உள்ளே வந்தான். மாமனார் காலத்தில் இழுத்த ஒயர் அந்த வீட்டில். மரப்பட்டைக்குள் துணி சுற்றிய கம்பி. போன வாரம் இரும்பு மெயின் பெட்டியைத் துடைத்தபோது தாட்சாயணிக்குக் கையில் சுரீர் என்றது. அன்றைக்கே உச்சி வெயிலில் புத்தூர் வரை போய் நாகையாவைக் கையோடு பிடித்து வந்தவள் கிருஷ்ணம்மா. இன்றோடு வேலை முடிகிறது.

"நான் போயிட்டப்புறம் யாருக்கு அத்தே புது ஒயரு?" என்று தாட்சாயணி கேட்டாள். கிருஷ்ணம்மா காலிக் குடத்தை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போனாள்.

நாகையா கடைசிப் பட்டையைப் பிடுங்கினான். துணி பொடிப்பொடியாக உதிர்ந்தது. "அம்மோ! எலி கூட பயந்துக்கினு துன்னாம வுட்டிருக்குது பாரும்மா" என்று சிரித்தான். பிறகு கடப்பாரையை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போனான்.

மெயின் பெட்டியிலிருந்து இறங்கிய கம்பியைத் தொடர்ந்து நேரே எலுமிச்சையிடம்தான் போனான். தாட்சாயணி பதறி ஓடினாள். "யோவ், அதத் தொடாத! எங்க வூட்டுக்காரரு நட்டது. அத்தே, பாரு அத்தே!"

கிருஷ்ணம்மா அங்கேதான் நின்றாள், காலிக் குடத்தோடு. தடுக்கவில்லை. நாகையா ஓர் இழுப்பில் குச்சியைப் பிடுங்கி வேலியோரம் எறிந்தான்.

குச்சி நின்ற இடத்தை ஒட்டி ஓர் இரும்புக் குழாயின் வாய் தெரிந்தது. தோண்டத் தோண்ட ஈர உப்பும் அடுப்புக் கரியும் வந்தன.

"செடிக்குத் தோண்டின குழி இல்லம்மா இது. எர்த்துக் குழி. மாடு கீடு மிதிக்காம இருக்க, அடையாளத்துக்குச் செடிய வெச்சிருப்பாரு" என்றான் நாகையா. "இந்த உப்பும் கரியும் எப்பவும் ஈரமா இருக்கணும். ஒயரு கெட்டா கரண்டு இது வழியா மண்ணுக்கு எறங்கிடும். காஞ்சி கெடந்தா எறங்காது. தொட்டவன் மேலதான் பாயும்."

அவன் ஒரு பிடி மண்ணை அள்ளிக் கசக்கிப் பார்த்தான். "தெனம் ஊத்தி நல்லா வெச்சிருக்கீங்க. அதான் போன வாரம் உனக்குச் சுரீரோட போச்சி. இல்லேன்னா நீ இங்க நின்னு என்னைத் திட்டிக்கினு இருக்க மாட்டே."

தாட்சாயணி மாமியாரைப் பார்த்தாள். மாமியார் குழியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நாகையாவுக்கு ஏதோ நினைவு வந்தது. "மோட்டார் அடிச்சி ஒருத்தர் செத்தாராமே, அது இந்த வூடுதானா? அப்ப இது காஞ்சி போயிருக்கணும். அந்தக் கோடையில இதுக்குத் தண்ணி ஊத்தற வேலை யாருது?"

தெருமுனையில் நாலு மணி பஸ் ஹாரன் அடித்தது. தாட்சாயணி குழியோரம் உட்கார்ந்தாள். "அந்தக் கோடையில..." என்று ஆரம்பித்தாள்.

கிருஷ்ணம்மா குடத்தைக் கீழே வைத்தாள். மருமகள் பக்கம் திரும்பாமலே ஒயர்மேனிடம் சொன்னாள்.

"என்னுதுதாம்பா. செடிதான் பட்டுப்போச்சேன்னு நான்தான் வுட்டுட்டேன்."