வெட்டாத ரிபன்

"ரிபன் வெட்டாமல் ஒருத்தரும் உள்ளுக்குப் போக ஏலாது, டீச்சர்!"

காவலாளி தவராசா பூங்கா கேற்றை மறித்துக்கொண்டு நின்றார். ஷிஃபானா டீச்சருக்குப் பின்னால் பன்னிரண்டு பிள்ளைகள் கம்பிவேலியில் மூக்கை அழுத்திக்கொண்டிருந்தார்கள்.

உள்ளே, துறைமுகத்தைப் பார்த்தபடி ஆறு வண்ணத் தூண்கள். எந்தத் தூணில் விளக்கு எரிகிறதோ, ஓடிப்போய் அதைத் தொடவேண்டும். உடனே இன்னொன்று எரியும். தொடுவதையெல்லாம் இயந்திரம் எண்ணிக்கொள்ளும். ஃபோனே கதியென்று கிடக்கும் பிள்ளைகளை ஓடவைக்க ஒரு கம்பனி இலவசமாகத் தந்தது. திறந்துவைக்க வேண்டிய பிரமுகரோ மூன்று தடவை திகதியை மாற்றிவிட்டார். இரண்டு மாதமாகக் கேற்றில் பூட்டு.

"இண்டைக்கு இதையெல்லாம் கழட்டவே வந்திட்டாங்க அண்ணன்! இனியாவது விடுங்களேன்."

கம்பனி ஆளான சுகிர்தனுக்கு மட்டும் தவராசா வழிவிட்டார்.

"குறை நினைக்காதேங்கோ டீச்சர்," என்றான் சுகிர்தன். "ஆயிரம் தரமாவது தொட்டுப் பதிஞ்சிருக்கோணும். இல்லாட்டிக் கழட்டிக்கொண்டு வரச் சொல்லியிருக்கினம்."

"பூட்டி வச்சா யார் தொடுற?" ஷிஃபானாவுக்கு அழுகையே வந்துவிட்டது. மைதானத்தை ஒரு சுற்று வருவதற்குள் மூச்சுவாங்கும் பிள்ளைகளை, இதைக் காட்டித்தான் ஆசைப்படுத்தி வைத்திருந்தாள். "எல்லாம் உங்களாலதான், அண்ணன்!"

சுகிர்தன் இயந்திரத்தின் சுவிச்சில் கைவைத்ததும் தவராசா பதறினார்.

"தம்பி, அதைப் போடாமலே கழட்ட ஏலாதோ?"

"கணக்குப் பார்க்கோணுமே ஐயா."

திரையைப் பார்த்த சுகிர்தன் கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடியும் பார்த்தான். "பதினோராயிரத்தைத் தாண்டியிருக்கு! இனிக் கழட்டத் தேவையில்லை. ஆக்கள் ஓடித் தொடவும் தொடங்கிட்டினம், பிறகென்ன ரிபன்? பிள்ளையளை விடுங்கோ!"

வேலிக்கு வெளியே ஒரே ஆரவாரம். ஷிஃபானாவுக்கோ சந்தோஷத்தைவிட ஆச்சரியம்தான் பெரிதாக இருந்தது.

"பூட்டின கேற்றுக்குள்ள யார் ஓடின?"

"அதையும் கேட்டால் போச்சு. பேரைப் பதிஞ்சிட்டுத்தான் ஓடோணும்; ஆகக்கூடத் தொட்ட ஆளை இது பேர் சொல்லிக் கூப்பிடும்," என்று சுகிர்தன் பொத்தானை அழுத்தினான்.

இயந்திரம் துறைமுகம்வரை கேட்கும்படி உற்சாகமாகக் கூவியது: "வணக்கம், தவராசா! நேற்றைய உங்கள் சாதனையை இன்று முறியடிப்போமா?"