பாவா விட்ட கொட்டாவி

"போதும், நிறுத்து. கொட்டாவி வருது" என்றார் ராஜகோபால்.

பானுப்ரியா அவரை முறைத்தாள். அக்கா புருஷன். வாய்க்கு வந்ததைச் சொல்ல உரிமை உள்ளவர். அதில் அவர் மிச்சம் வைப்பதில்லை.

மறுநாள் காலை திருத்தணியில், மலையடிவார மண்டபத்தில், அறுபது விசைத்தறிக்காரர்களுக்கு அவள் பாதுகாப்புப் பயிற்சி நடத்த வேண்டும். போன மாதம் ஆர்.கே.பேட்டையில் டீ குடிக்க எழுந்தவர்களில் பாதிப் பேர் திரும்பவில்லை. பாதுகாப்புச் சாமான்கள் போட்டுக் கொடுத்த பைகள் நாற்காலியிலேயே கிடந்தன. இன்னொரு தடவை அப்படி ஆனால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வதாக அலுவலகத்தில் சொல்லிவிட்டார்கள்.

"என்ன தப்பு பாவா?" என்று அவர் பக்கம் திரும்பிக் கேட்டாள்.

"செவுத்துல படம் ஓட்டிகினு அதுகிட்டயே பேசற. நான் உன் முதுகைப் பாத்துகினு உக்காந்திருக்கேன்."

அவள் திரும்பி நின்று மறுபடி ஆரம்பித்தாள். மூன்றாவது நிமிடத்தில் கை தூக்கினார்.

"கழுத்து நரம்பு புடைக்குது பாரு. கிருத்திகைக் கூட்டத்துல ஆளைத் தொலைச்சிட்டியா இன்னா?"

அடுத்த தடவை தாளைப் பார்த்துப் படித்தாள். அவர் வாயை மூடாமலே கொட்டாவி விட்டார். பயிற்சி கொடுக்கச் சான்றிதழ் வாங்கியவள் தான்தான், முடிந்தால் அவரே பேசிக் காட்டட்டும் என்று எரிந்து விழுந்தாள். அவர் சிரித்தார்.

"தறியிலேர்ந்து நாடா பறந்து வந்து அடிக்கும்னு சொல்ற. கை ரெண்டும் சும்மா தொங்குது. நாளைக்கு ஒரு நாடாவை எடுத்துகினு போ. அவங்க கையில குடு. எங்க அடிச்சுதுனு அவங்களே காட்டட்டும்."

ஏழாவது தடவை அவர் கொட்டாவி விடவில்லை. அக்கா வந்து அவர் தோளைத் தட்டிச் சாப்பிடக் கூப்பிடும்வரை பானுப்ரியாவின் முகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

மறுநாள் அவள் லேப்டாப்பைத் திறக்கவே இல்லை. ஊடுநூலைச் சுமந்து ஓடும் கூர்முனை மரக்கட்டையான தறி நாடாவை முதல் வரிசையில் கொடுத்து, யாரையெல்லாம் இது அடித்திருக்கிறது என்று கேட்டாள். அம்மையார்குப்பத்து ஜெயம்மாள் புருவத்துத் தழும்பைக் காட்டினாள். பக்கத்தில் இருந்தவர், தன்னுடையதுதான் பெரியது என்று சட்டைக் கையைச் சுருட்டினார். மண்டபத்தில் ஆளுக்கொரு கதை கிளம்பியது. டீக்குப் பிறகு எண்ணினாள். ஒரு நாற்காலிகூடக் காலியில்லை.

கடைசியில், ஓரமாக உட்கார்ந்திருந்த ராஜகோபாலைக் கைகாட்டி மேடைக்கு அழைத்தாள்.

"இவரு எங்க பாவா. இருபத்திரெண்டு வருஷம் தறி ஓட்டினவரு. நேத்து என்னை ஏழு தடவை பேசவச்சுத் திருத்தினாரு."

கைதட்டினார்கள். அவர் அவளைப் பார்த்து, சொல்லு என்று தலையசைத்தார்.

"நான் பேசினதுல ஒரு வார்த்தைகூட அவர் காதுல விழலைங்க. தறிச் சத்தத்துல ரெண்டு காதும் எப்பவோ போச்சு, என் உதட்டையும் கையையும் பாத்தேதான் திருத்தினாரு" என்றபடி பானுப்ரியா பையிலிருந்து காதடைப்பானை எடுத்துக் காட்டியபோது, அறுபது பேரும் தங்கள் பையைத் திறந்தார்கள்.