ஜன்னல் உயரத்துக்கு

"இப்பத் தெரியுதா?"

ஜன்னலுக்கு வெளியே நின்று கத்தினேன். உள்ளேயிருந்து பதில் வர நேரமானது.

"இல்லீங்க. சுவருதான் தெரியுது."

மறுபடியும் செம்பருத்தித் தொட்டியைக் கட்டிப்பிடித்துக் கீழே இறக்கினேன். ஈர மண்ணோடு பிணக் கனம் கனத்தது. அடுக்கியிருந்த செங்கல்லுக்கு மேல் இன்னொரு வரிசை வைத்தேன்.

தொட்டிக்கு அடியில் கல் வைப்பது இந்த வீட்டில் புதிதில்லை. தரையோடு வைத்தால் அடி ஓட்டை அடைத்துக்கொள்ளும், தண்ணீர் வடியாது, வேர் அழுகிவிடும் என்று என் மனைவி எல்லாத் தொட்டிக்கும் செங்கல் துண்டுகளை முட்டுக் கொடுத்து வைத்திருப்பாள்.

"உங்கம்மா செடிக்கெல்லாம் நாற்காலி போட்டு உக்கார வெச்சிருக்கா, நமக்குத்தான் நிக்க இடமில்ல" என்று மகளிடம் கிண்டலடிப்பேன்.

அந்தத் தொட்டி ஒன்றில்தான் தடுக்கி விழுந்தாள். பட்டப்பகலில், தானே வைத்த தொட்டியில்.

முதுகெலும்பில் விரிசல். மல்லாந்தே படுத்திருக்க வேண்டும், தலையணைகூடக் கூடாது, கழுத்தை மட்டும் திருப்பிக்கொள்ளலாம் என்றுவிட்டார் டாக்டர்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு சாப்பாடே இறங்கவில்லை. ஊட்டினால் இரண்டு வாய், அப்புறம் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். வாய் ஓயாமல் பேசுகிறவள், கேட்டால்தான் பேசுகிறாள். இப்படியே விட்டால் எழுந்திருக்கவே மாட்டாளோ என்று பயந்துபோனேன். என்னதான் வேண்டும் உனக்கு என்று கெஞ்சிக் கேட்டேன்.

"படுத்தபடியே என் செடியப் பாக்கணுங்க. ஜன்னல் பக்கம் திரும்பினா வெள்ளையா சுவருதான் இருக்கு."

கட்டிலை நகர்த்துங்கப்பா என்றாள் மகள் போனில். அந்த அறைக்குள் கட்டில் நுழைந்ததே பெரிய காரியம், நகர்த்த வேண்டுமாம்!

அதனால்தான் செடியைத் தூக்க ஆரம்பித்தேன்.

கல் தீர்ந்துபோனது. பக்கத்து வீட்டில் மிச்சம் கிடந்ததைக் கேட்டு வாங்கி வந்தேன்.

"குடலிறக்கத்த வெச்சுக்கிட்டு ஏன் சார் இந்த வீம்பு?" என்றார் பக்கத்து வீட்டுக்காரர்.

உங்க வேலையப் பாருங்க என்று சொல்லிவிட்டேன். பாவம், கல் கொடுத்த மனுஷன்.

"இப்ப?"

"இல்லீங்க."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. தொட்டி என் இடுப்புக்கு வந்துவிட்டது, செடி தலைக்கு மேலே நிற்கிறது, இன்னும் தெரியவில்லையாம்.

"மொட்ட மாடியில கொண்டுபோய் வைக்கட்டுமா?" என்று கத்திக்கொண்டே, கையில் ஒட்டிய மண்ணோடு உள்ளே போனேன். கட்டில் ஓரத்தில் ஒருக்களித்து, அவள் தலைக்குப் பக்கத்தில் தலையை வைத்துப் படுத்தேன். இன்னும் எவ்வளவு உயரம் குறைகிறது என்று நானே பார்த்துவிடலாமே.

ஜன்னல் முழுக்கச் செடிதான். நட்டநடுவில் ஒரு பூ, உள்ளங்கை அகலத்துக்கு, ரத்தச் சிவப்பாக விரிந்து கிடந்தது.

"பாத்தீங்களா?" என்றாள். கையைத் தூக்கி விரலை நீட்டினாள். "அதோ. வெறும் வெள்ளைச் சுவரு."

விரல் நேராகப் பூவைக் காட்டியது.

திரும்பி அவள் கண்ணைப் பார்த்தேன். அகலமாகத் திறந்து வைத்துக்கொண்டு, ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள். மண் கையை அவள் முகத்துக்கு முன்னால் ஆட்டினேன்; இமைகூட அசையவில்லை.

"என்னங்க, நான் சொன்னது சரிதான?"

"சரிதான்" என்றேன். "சுவரு மறைக்குது. இன்னும் ரெண்டு கல் வெக்கணும்."

அவள் முகம் எத்தனையோ நாளைக்கு அப்புறம் தெளிந்தது.

"மெதுவா வைங்க. எனக்கு ஒண்ணும் அவசரமில்ல."

வெளியே வந்தேன். கல்மேல் கல் வைக்கிற சத்தம் உள்ளே கேட்கட்டும் என்று, ஒவ்வொன்றையும் ஓங்கித் தட்டி வைத்தேன்.